பதினான்கு விநாடி

அபரேஷ் குஹநியோகி பற்றி
நாலு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள்
நினைவு மலருக்கு.
பிறந்த வருஷம், பெற்ற பதக்கம்,
இசையமைத்த படங்கள் பதினேழு.
அதெல்லாம் அவர்களிடமே இருக்கிறது.
நான் வானொலி நிலையத்தில் இருபத்தாறு வருஷம்
எந்த நாடாவை அழிக்கலாம் என்று
சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன்.

பரிசாலிலிருந்து வந்தவர்.
சியால்தா நடைமேடையில் ஒன்பது நாள்.
தங்கைக்குப் போர்வை, சரோதுக்குச் சாக்கு
என்பார் ஒரு தடவை.
சரோதுக்குப் போர்வை, தங்கைக்குச் சாக்கு
என்பார் இன்னொரு தடவை.
தங்கை பக்கத்தில் இருந்தால்
பேச்சை மாற்றிவிடுவார்.

சித்பூர் ஆர்மோனியக் கடையில்
பகலெல்லாம் ரீடு அராவினார்.
சாயங்காலம் டாலிகஞ்ச்:
திரையில் கதாநாயகி அழும்போது
மறைவிலிருந்து அழுகிற ஆறு பேரில் ஒருவர்.
அப்புறம் அந்த ஆறு பேருக்கும்
இன்ன அழுகை என்று எழுதிக் கொடுப்பவர்.
தலைவலித் தைலம் ஒன்றுக்கு
அவர் போட்ட சின்ன மெட்டு
டிராம் நடத்துநர்களின் வாயில் கிடந்தது.
ஹாத்திபாகான் சந்தையில் ஒருத்தி
அந்தத் தாளத்தில்தான் மீன் செதில் சீவுவாள்.
வீட்டு வாடகை அதிலிருந்து வந்தது.
அதைப் பற்றி வெட்கப்பட்டதில்லை அவர்.

மனைவி ஹைமந்தி கணக்கு டீச்சர்.
புதிதாய்க் கட்டிய ஒன்பதரை மாத்திரைச் சுற்றை
வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டு,
"மூன்றாவது சுற்றில் அரை தொலைந்துபோச்சு" என்றாள்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று
"கிடைத்துவிட்டது" என்றாராம்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன்.
ஆம்ஹர்ஸ்ட் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.
தபலாக்காரர் வரவில்லை.
தனியாகவே உட்கார்ந்தார், தானே செய்த ராகத்தோடு.
காந்தாரத்தைத் தொடவே இல்லை.
பக்கத்தில் போவார், திரும்புவார்,
கடன் கேட்கப் போனவன்
கதவைத் தட்டாமல் திரும்புவதுபோல.
நாற்பதாவது நிமிஷத்தில் தட்டினார்.
நான் மீட்டர் முள்ளைப் பார்க்க மறந்தேன்.

படிவத்தில் ராகத்தின் பெயர் கேட்டிருந்தது.
'பொரே' என்று எழுதினார்.
பிறகு சொல்கிறேன் என்று அர்த்தம்.
பதிவேட்டுக் குமாஸ்தா ஒடியாக்காரர்;
ராகம் பொரே, ஐம்பத்திரண்டு நிமிஷம்,
என்று ஏற்றிவிட்டார்.

அந்த வருஷம் நாடாத் தட்டுப்பாடு.
கால்பந்துப் பருவத்துக்குப் பன்னிரண்டு வேண்டும் என்றது மேலிடம்.
நானூற்றுப் பதினொன்று என்று எழுதியது
என் கைதான்.
எண்ணைப் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை.
இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார்,
ஒரு தடவை கேட்டு ஸ்வரம் குறித்துக்கொள்ள.
சொன்னேன்.
"அதன்மேல் என்ன போட்டீர்கள்?"
"மேட்ச். இரண்டாம் பாதி."
"யார் ஜெயித்தது?"
"ஈஸ்ட் பெங்கால்."
"அப்படியானால் சரி" என்றார்.
தேநீரைக் குடிக்காமல் போனார்.
மறுபடி வாசியுங்களேன் என்று
படியில் ஓடிப்போய்க் கேட்டேன்.
"பாதி மழை வாசித்தது" என்றார்.
அதற்குப் பிறகும் என்னோடு சிகரெட் பிடித்தார்,
மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்.
அந்த ராகத்தை மட்டும்
யாரிடமும் வாசிக்கவில்லை.

போன மாதம் அலமாரி காலி செய்தபோது
நானூற்றுப் பதினொன்று அகப்பட்டது.
விசில், ஆரவாரம், வர்ணனையாளரின் இருமல்,
முடிந்தது என்று கை நீட்டினேன்.
சரோத்.
பதினான்கு விநாடி.
கடன் கிடைத்து
வீடு திரும்புகிறவனின் நடை.

மலர்க் குழுவிடம் சொல்லவில்லை.
சொன்னால் இருமலைத் துடைத்துவிடுவார்கள்.
ஹைமந்திக்கு மட்டும் போட்டுக் காட்டினேன்,
பதினான்கு விநாடி என்று.
கண்ணை மூடிக்கொண்டு
விரலில் எண்ணினாள்.
மறுபடி போடச் சொன்னாள்.
"பதிமூன்றரை" என்றாள்.